இலையடி முட்டையும் கையெழுத்து விழாத தாளும்

ஒல்ஷின்கா,
1950 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செவெரின் அண்ணாவுக்கு,

முதல் வார்த்தை ஆண்டவருக்குப் புகழ், இரண்டாவது வார்த்தை உனக்கு நலம், மூன்றாவது வார்த்தையிலிருந்து கடிதம் என்று அம்மா சொல்கிறாள். இங்கே அம்மாவும் நானும் பசுவும் நலம். அம்மா எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே சொல்கிறாள், நான் எழுதுகிறேன். போன கடிதத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதப் போய் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று எழுதிவிட்டேன், நீ பல் போனது எனக்குத்தான் என்று நினைத்து இனிமேல் மிட்டாய் தின்னாதே என்று ஒரு பக்கம் புத்தி சொல்லி எழுதினாய். ஆகவே இந்த முறை நான் என்றால் லுட்சினா, அம்மா என்றால் அம்மா. உன் இருமல் எப்படி இருக்கிறது, உருக்காலை கட்டுமிடத்தில் சிமெண்டுத் தூசியில் நிற்கும்போது வாயில் துணி கட்டுகிறாயா, கம்பளிக் காலுறை கோடையிலும் போடுகிறாயா என்று கேட்கிறாள். பொட்டலத்தப் பிரிக்காம அப்படியே பொட்டியில பூட்டி வெச்சிருப்பான், எனக்குத் தெரியாதா அவன, என்றும் சொல்கிறாள். பசு மே மாதத்திலிருந்து நன்றாகக் கறக்கிறது. ஸ்ட்ராபெரி இந்த ஆண்டு சின்னது, ஆனால் இனிப்பு.

உங்கள் விடுதிக்குப் பின்னால் போட்ட முட்டைக்கோஸ் இலையெல்லாம் ஓட்டை, எந்தப் பூச்சி என்று கேட்டிருந்தாய். அம்மா சிரித்தாள். வெறும் ஓட்டைன்னு எழுதுனா எனக்கு எப்படிடா தெரியும், திருடனப் பிடிக்கணும்னா மொதல்ல அவன் கடிச்ச எடத்தப் பாரு, என்றாள். துப்பாக்கி ரவை பட்டதுபோல் பொடிப்பொடி வட்ட ஓட்டை, கிட்டே போனால் எள் தெறிப்பதுபோல் கறுப்பாக ஏதோ குதிக்கிறது என்றால் அது தத்துவண்டு, காலைப் பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் தூவு. நடுநரம்பை மட்டும் விட்டு மீதியை மேய்ந்திருந்தால், இலையில் பச்சை எச்சமும் கிடந்தால், அது வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு, கையால் பொறுக்கிக் கோழிக்குப் போடு, உங்களிடம் கோழி இல்லையென்றால் சமையல்காரரிடம் இருக்கும். நாற்று அடியோடு அறுந்து படுத்துக் கிடந்தால் பக்கத்து மண்ணை விரலால் கிளறு, சாம்பல் நிறத்தில் ஒரு புழு சுருண்டு தூங்கும். மண்ணில் விரல் தடிமனுக்குச் சுரங்கம் ஓடினால் பிள்ளைப்பூச்சி. இலை சுருண்டு விரலில் பிசுபிசுத்து, எறும்புகள் ஏறி இறங்கினால் அசுவினி, அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஆனால் இலைக்கு அடியில் முட்டையைக் கண்டால் உடனே நசுக்காதே. ஏன் நசுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம், அதில் பாதிக் குற்றம் என்னுடையது, ஆகவே இனிமேல் வருவதை நான் என் பொறுப்பில் எழுதுகிறேன், அம்மா இடையில் திருத்துவாள்.

உருளைக்கிழங்கு வண்டு வேட்டை அங்கேயும் நடக்கும், சுவரொட்டியைப் பார்த்திருப்பாய், மஞ்சள் முதுகில் பத்துக் கறுப்புக் கோடு போட்ட வண்டு, அமெரிக்க எதிரி விமானம் வானத்திலிருந்து கொட்டியது என்று எழுதியிருக்கும். இங்கே வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் முழுவதும் வரிசையாக நின்று ஆளுக்கு இரண்டு பாத்தி நடக்கிறோம், கழுத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி, ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்தில் முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு ஒரு பூச்சிப் புத்தகம் என்று அறிவித்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு வண்ணப் படங்கள், கெட்டி அட்டை, நூலக ஜன்னலில் வைத்திருந்தார்கள், நான் தினமும் போய் நின்று பார்த்தேன். அண்ணா, எனக்கு அந்தப் புத்தகம் எவ்வளவு வேண்டும் என்று இருந்தது என்பதை உனக்குத்தான் சொல்ல முடியும். ஜூன் பதினாறாம் தேதி எங்கள் வரிசை ஊரின் வீட்டுத் தோட்டங்களுக்குள் வந்தது, நம் தோட்டத்தில் எனக்கு விழுந்தது அகல அவரைக்குப் பக்கத்திலிருக்கும் உருளைப் பாத்தி. ஆறாவது செடியில் இலையைத் திருப்பினேன், ஆரஞ்சு நிறத்தில் பதினேழு முட்டைகள், சுவரொட்டியில் இருந்தது போலவே. நான் யோசிக்கவே இல்லை. கையைத் தூக்கிக் கத்தினேன். கத்திக்கொண்டே மேலும் புரட்டியதில் ஒன்பதாவது செடியிலும் ஒரு கொத்து தெரிந்தது, அதைச் சொல்வதற்குள் ட்ரெப்கா மணி அடித்துவிட்டார், எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

ட்ரெப்காவை உனக்குத் தெரியும், நம் பன்றிகளுக்குக் காயடிக்க வருவாரே, அவரேதான். இப்போது கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு வட்டாரத்தின் வண்டு ஒழிப்புப் பொறுப்பாளர், தோழர் ட்ரெப்கா என்று கூப்பிட வேண்டும். அவர் அந்த இலையைக் கிள்ளிச் சாராயக் குப்பியில் போட்டு மூடினார், பாத்தியைச் சுற்றி நான்கு சிவப்புக் கொடி நட்டார், எனக்குக் கைகொடுத்தார். அடுத்த நாள் சனிக்கிழமை பள்ளியில் எல்லோர் முன்னாலும் என் பெயரைப் படித்துப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு நடந்துகொண்டே படித்தேன், ஓடைப் பாலத்தில் நின்று படித்தேன், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என் கண் நின்றுவிட்டது. நான் கண்ட ஆரஞ்சு முட்டைகளைப் போலவே அச்சாக ஒரு படம், கீழே பொறிவண்டின் முட்டை என்று எழுதியிருந்தது. நாம் கடவுளின் பசு என்று கூப்பிட்டு விரல் நுனியில் ஏற்றி ஊதிவிடுவோமே, அதே சிவப்புப் பொறிவண்டு. அசுவினியைத் தின்னும் பூச்சி, தோட்டக்காரரின் நண்பன், அசுவினி அதிகமுள்ள செடிகளின் அருகே முட்டையிடும், உருளைவண்டின் முட்டை இதைவிடப் பெரியது என்று புத்தகம் சொல்கிறது. நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒன்பதாவது செடிக்கு ஓடினேன். ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு முழம் தள்ளி அவரைச் செடியின் நுனியெல்லாம் கறுப்பு அசுவினி, கரி பூசினாற்போல. பரிசாகக் கிடைத்த புத்தகமே நான் பரிசுக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டது.

அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி மேதாவி, ஒரு புத்தகத்துக்கு ஆசப்பட்டு அம்மா தோட்டத்தக் காட்டிக் குடுத்தியாடி, என்றாள், கறப்பதைத் தொடர்ந்தாள். என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்தானே. வண்டு கண்ட தோட்டத்தில் செடிகளைப் பிடுங்கி எரிப்பார்கள், குழியில் நாற்ற மருந்தை ஊற்றுவார்கள், சுற்றிலும் வெள்ளைத் தூளைக் கொட்டுவார்கள், மூன்று ஆண்டுக்கு அங்கே உருளைக்கிழங்கு கிடையாது. நம் குளிர்காலச் சாப்பாடு முழுவதும் அந்தப் பாத்திகள்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்த பிறகுதான் அம்மா கேட்டாள், நிச்சயமாத் தெரியுமா ஒனக்கு. நான், முட்டையை வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது அம்மா, பொரிந்து வருவதை வைத்துத்தான் சொல்ல முடியும், சிவப்பாகக் கூன் முதுகோடு மெதுவாக நகர்ந்தால் உருளைவண்டு, கறுப்பாக நீளக் கால்களோடு ஓடினால் பொறிவண்டு என்றேன். அப்ப பொரியட்டும், என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ட்ரெப்கா மூன்று ஆட்களோடு மண்வெட்டியும் தெளிப்பானும் எடுத்துக்கொண்டு வந்தார். கையில் அச்சடித்த தாள், இந்தத் தோட்டத்தில் வண்டு காணப்பட்டதை உரிமையாளர் ஒப்புக்கொள்கிறார் என்று. எழுதத் தெரியாட்டி மூணு சிலுவை போடுங்க, போதும், என்றார். அண்ணா, குளிர்காலம் முழுவதும் அம்மா பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்புக்குப் பனியில் நடந்து போய் வந்தாள், அது உனக்குத் தெரியும். வகுப்பு முடிந்த நாளில் பசு கன்று ஈன்றதால் சான்றிதழ் வாங்கப் போகவில்லை, ஆகவே இன்றுவரை பலகையில்தான் பெயர் எழுதியிருக்கிறாள், ஒரு தாளிலும் எழுதியதில்லை. அப்பா போரிலிருந்து திரும்பாமல் போன பிறகு பால் நிலையத்தில் எல்லாம் கையெழுத்துக்குப் பதில் மூன்று சிலுவைதான். அம்மா ட்ரெப்காவிடம் சொன்னாள், சிலுவை போட்ட காலம் போச்சு, சிலுவைக்குப் பின்னாடி யாரு வேணா ஒளிஞ்சுக்கலாம், பேருக்குப் பின்னாடி நான் ஒருத்திதான் நிக்கணும், அதனால எதுல போடுறேன்னு பாத்துத்தான் போடுவேன். ட்ரெப்கா, தோழி ரோசாலியா, ஒங்க மகதான கண்டுபுடிச்சா, என்றார். ஆமா, அவதான் கண்டுபுடிச்சா, அவளேதான் தப்புன்னும் சொல்றா, ரெண்டையும் கேளுய்யா, என்று அம்மா என்னை முன்னால் தள்ளினாள். நான் புத்தகத்தை விரித்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினேன், கடைசி வரிவரை படித்தேன். ட்ரெப்கா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, புத்தகம் புத்தகம்தான், நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு, மாவட்டத்துக்கு ஃபோன்ல சொல்லியாச்சு, என்றார். அம்மா சொன்னாள், ட்ரெப்கா, பன்னிக்கு எது இருக்கணும் எது போகணும்னு ஒனக்குத் தெரியும், அதுல ஒன்ன மிஞ்ச ஆளில்ல, பூச்சியில ஒனக்கு என்னய்யா தெரியும்? மண்வெட்டி ஆட்கள் திரும்பி நின்று இருமினார்கள்.

அப்போதுதான் அவர் உன்னை இழுத்தார். ஒங்க பையன் அரசாங்க உருக்காலைக் கட்டட வேலைல இருக்கான், அதையும் நெனச்சுப் பாத்துக்கங்க, என்றார். அம்மா முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனால் குரல் மாறவில்லை. அவன் அங்க செங்கல் தூக்கறான்யா, வண்டு வளக்கல, என்றாள். பிறகு பால் வடிகட்டும் துணியை எடுத்து வந்தாள். ஒன்பதாவது செடியில் முட்டை இருக்கும் கிளையை இலையோடு அந்தத் துணியால் மூடி, நீயே கட்டு ட்ரெப்கா, காயடிக்கும்போது போடுவியே ஒரு முடிச்சு, இந்த ஊர்ல ஒன்னத் தவிர யாருக்கும் வராதே, அதப் போடு, அப்பறம் மாத்தி வெச்சோம்னு ஒரு வாய் பேசக் கூடாது, என்றாள். செவப்பா வந்தா எஞ்செடிய எங்கையாலயே புடுங்கி எரிச்சு ஒந்தாள்ல பேரும் எழுதுறேன், கறுப்பா வந்தா கொடியப் புடுங்கிட்டு நட. ட்ரெப்கா ஆட்களைப் பார்த்தார், ஆட்கள் முடிச்சைப் பார்க்க ஆவலாக இருந்தார்கள், வேறு வழியில்லாமல் கட்டினார். வியாழக்கிழமை வரைக்குந்தான், என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அம்மா கறவை முக்காலியைப் பாத்தி நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டாள், ஆட்கள் தெளிப்பானோடு வேலிக்கு வெளியே புகைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு கெனோவெஃபா முதல் நாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, என்ன ரோசாலியா, அமெரிக்காலருந்து விருந்தாளி வந்திருக்காமே, படுக்க எடம் குடுத்தியா, என்றாள். அம்மா விடுவாளா, வந்திருக்கு வந்திருக்கு, வெள்ளத் தூளு கொட்டுனா அது நேரா ஒன் தேன்கூட்டுக்குத்தான் வருமாம், அங்க தயாரா வெய்யி, என்றாள். கெனோவெஃபாவின் சிரிப்பு நின்றுவிட்டது, ஒன்பது பெட்டித் தேனீ வைத்திருக்கிறாளே. மறுநாள் அவளும் ஒரு முக்காலியோடு வந்தாள், புளித்த பாலும் சதகுப்பைக் கீரை தூவிய உருளைக்கிழங்கும் கொண்டுவந்தாள், இரண்டு பேரும் உட்கார்ந்து வேலிக்கு வெளியே நிற்கும் ஆட்களின் கல்யாணக் கதைகளையெல்லாம் அவர்கள் காதில் விழும்படி பேசினார்கள். நான் பள்ளி விட்டதும் ஓடி வந்து துணிக்கு மேலாகப் பார்ப்பேன். புதன்கிழமை முட்டைகள் ஆரஞ்சு மாறிச் சாம்பல் நிறமானது தெரிந்தது. ஒருவேளை முதலில் கத்தியதுதான் சரியோ, இப்போது சொல்வதுதான் தப்போ என்று நினைத்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை, இப்போது எழுதிப் படித்துக் காட்டும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. எனக்கு அப்பவே தெரியும்டி, சாப்பாட்டப் பாதி வெச்சியே, என்கிறாள்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ட்ரெப்கா வந்து தன் முடிச்சைத் தானே அவிழ்த்தார். பொரிந்திருந்தது. கறுப்பு, அண்ணா! மையில் தோய்த்த புள்ளிகள் போலப் பதினான்கு, தங்கள் முட்டை ஓட்டையே தின்றுகொண்டிருந்தன. ட்ரெப்கா குனிந்து வெகு நேரம் பார்த்தார். வெயில்ல கறுத்திருக்கலாம், என்றார். துணிக்குள்ள ஏதுய்யா வெயிலு, என்றாள் கெனோவெஃபா. அம்மா அந்த இலையை அவர் விரலில் சாய்த்தாள், ஒன்று அவர் விரலில் ஏறி ஆறு நீளக் கால்களோடு சிவப்புப் பட்டையை நோக்கி ஓடியது. மீதியை அவரைச் செடியில் விட்டோம், மாலைக்குள் அசுவினிக் கூட்டத்தின் நடுவே போய்ச் சேர்ந்துவிட்டன, நான் கண்ணால் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ட்ரெப்கா ஆட்களை அனுப்பிவிட்டு, கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு, சமையலறைக்கு வந்து தொப்பியைக் கழற்றி உட்கார்ந்தார். தாளில் இரண்டு வரி சேர்த்து எழுதினார், வண்டு காணப்பட்டது, முழுவதும் ஒழிக்கப்பட்டது என்று. தோழி, இதுல மட்டும் போட்டுருங்க, தோட்டத்த ஒருத்தனும் தொடமாட்டான், பொண்ணு புத்தகத்த வெச்சுக்கட்டும், ஊருக்குப் பாராட்டு வரும், பையன் பேரும் அடிபடாது, எல்லாருக்கும் நல்லது, என்றார். குரலில் கெஞ்சல்தான் இருந்தது, மிரட்டல் இல்லை. எனக்கு ஒரு நொடி அந்தப் புத்தகத்தின் அட்டை கண்ணுக்குள் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அம்மா அவருக்கு ஒரு குவளை மோர் ஊற்றி வைத்தாள். இல்லாத வண்டக் கண்டேன்னும் எழுதமாட்டேன், காணாத வண்டக் கொன்னேன்னும் எழுதமாட்டேன், ஒரு பேரு எழுதக் கத்துக்க எனக்கு ஒரு பனிக்காலம் ஆச்சுய்யா, அத மொத மொதல்ல ஒரு பொய்யில எழுதவா, என்றாள். ட்ரெப்கா மோரைக் குடித்தார். செவ்வாய்க்கிழமை வரைக்கும் யோசிங்க, என்று தாளை உப்புக் குவளைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா யோசிக்கவில்லை. உனக்கு எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். அங்கே உன்னை யாராவது கூப்பிட்டு ஒல்ஷின்காவில் என்ன நடந்தது என்று கேட்டால் நீ தெரியாமல் விழிக்கக் கூடாது, இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டு. வழியிலேயே யாராவது பிரித்துப் படித்தால் படிக்கட்டும், பொறிவண்டு எதுன்னு அவங்களுந்தான் தெரிஞ்சுக்கட்டுமே, என்கிறாள். அவள் பயப்படவில்லை என்று எழுதச் சொல்கிறாள். நான் பார்த்ததை எழுதுவதென்றால், அவள் பயந்துகொண்டேதான் மாட்டேன் என்று சொன்னாள், அது பயப்படாமல் சொல்வதைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன். இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டமாட்டேன். நாளைக்குப் பள்ளியில் எல்லோர் முன்னாலும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், நான் கண்டது பொறிவண்டின் முட்டை என்றும் சொல்லப் போகிறேன். நாற்பதாம் பக்கத்திலிருந்து நாற்பத்தாறுவரை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டேன், படங்களும் வரைந்தேன், கறுப்பு மை தீர்ந்துவிட்டது. குடுத்துட்டு வா, படிச்சதப் புடுங்க எவனாலயும் முடியாது, என்றாள் அம்மா. சாராயக் குப்பியில் போன அந்தப் பதினேழு முட்டைகளை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

துணி கட்டு, சாப்பிடு, சண்டைக்குப் போகாதே, ஆனால் கேட்டால் உண்மையைச் சொல், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக முடியாவிட்டாலும் ரொட்டியை வெட்டுமுன் ஒரு சிலுவைக் குறியாவது போடு என்று அம்மா சொல்கிறாள். ஆண்டவரும் புனித மரியும் நீ ஏறும் கட்டடச் சாரத்துக்குக் கீழே கை நீட்டி நிற்கட்டும். முட்டைக்கோஸ் ஓட்டை வட்டமா கிழிசலா என்று மறக்காமல் எழுது. ஆரஞ்சு முட்டையைக் கண்டால் ஆறு நாள் பொறு.

நாங்கள் எழுதும் தாள் தீர்ந்துவிட்டது, ஆகவே இந்தக் கடைசித் தாளைத் திருப்பிப் பார். ட்ரெப்காவின் தாள்தான், அவர் சேர்த்த இரண்டு வரியும் இருக்கிறது, உரிமையாளர் கையெழுத்து என்று புள்ளி வைத்த இடம் காலியாக இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள். செவ்வாய்க்கிழமை வந்து கேட்டால், மகனுக்குக் கடுதாசி எழுதிட்டேன்னு சொல்லுவேன், இன்னொரு தாள் கொண்டாந்தா அதுலயும் ஒரு கடுதாசி எழுதுவோம், என்கிறாள். இப்போது பட்டாணித் தட்டைத் தள்ளிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்குகிறாள். கீழே இருப்பது அவள் கைப்பட எழுதியது. நான் தொடவில்லை.

உன் அம்மா
ரோசாலியா பியெத்ராசிக்